அரண்மனைச் சுவரும் அனுமதியும்

 

யாருடைய நினைவாக இந்தப் பேருரை நடக்கிறதோ, அந்தத் தோழரை உங்களில் பலர் கவிஞராக அறிவீர்கள். நான் அவரை முதலில் அறிந்தது சுவரெழுத்துக்காரராகத்தான். ஒரு வாளியில் கரைத்த சுண்ணாம்பு, ஒரு பொட்டலம் நீலப்பொடி, நுனி நசுக்கிய பனைமட்டை. கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் அவருடைய வேலை அதுதான். எழுதுவதைவிடச் சுவர் பிடிப்பதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. அன்றைய சேரியில் இருந்தவை மண்சுவர்களும் கீற்றுத் தட்டிகளும். தார்ச்சாலையைப் பார்த்து நின்ற உயரமான சுவர்கள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை. எழுதத் தெரிந்த கை நம்மிடம் இருந்தது, எழுதுவதற்குச் சுவர் இல்லை. எழுதிய பிறகு, "யாரைக் கேட்டு எழுதினாய்?" என்ற கேள்வி மட்டும் தவறாமல் வந்து சேரும்.

இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதைப் பேச உங்களை வெகுதூரம் அழைத்துச் செல்கிறேன். ஸ்காட்லாந்தில் ஒரு பிரபுவின் பண்ணை. அங்கே ஒரு பழைய கோட்டை. அதன் சுவரில், பிரேசில் நாட்டின் தெருக்களில் ஓவியம் கற்றவர்கள் தீட்டிய ஒரு கிராஃபிட்டி. இங்கே "யாரைக் கேட்டு?" என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் சுவருக்குச் சொந்தக்காரரே அழைத்திருந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் கலை ஆண்டவர்களின் வீட்டுச் சுவரில் ஏறினால் அது வெற்றியா? இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1. கெல்பர்ன், 2007

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளைடு ஆறு கடலாக விரியும் இடத்தில், லார்க்ஸ் என்ற ஊருக்கு அருகே இருக்கிறது கெல்பர்ன் கோட்டை. பாயில் என்ற குடும்பம் 12ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த நிலத்தை வைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்தின் தலைவர்களுக்கு 1703இலிருந்து "கிளாஸ்கோ பிரபு" என்று பட்டம். கோட்டையின் கோபுரப் பகுதி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதோடு ஒட்டிய மாளிகை 1700 வாக்கில் கட்டப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பழைய கற்சுவரின்மேல் சிமெண்ட் பூசினார்கள். கல் மூச்சுவிட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கியது. பூச்சை ஒருநாள் பெயர்த்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. எப்படியும் பெயர்க்கப் போகிற பூச்சு, அதுவரை அதன்மேல் படம் வரைந்தால் என்ன என்று பத்தாம் பிரபுவின் பிள்ளைகள் யோசனை சொன்னார்கள். பிரபு சம்மதித்தார். உள்ளாட்சி நிர்வாகமும் சம்மதித்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: இது தற்காலிகம், பூச்சு மாற்றும்போது படம் போய்விட வேண்டும்.

2007இல் சாவோ பாவ்லோ நகரத்திலிருந்து ஓவியர்கள் வந்தார்கள். "ஒஸ் ஜெமியோஸ்" என்று அறியப்படும் இரட்டைச் சகோதரர்கள் ஒட்டாவியோ, குஸ்டாவோ பண்டோல்ஃபோ, அவர்களுடன் நீனா பண்டோல்ஃபோ, நூங்கா. "நூங்கா" என்றால் போர்த்துக்கீசிய மொழியில் "ஒருபோதும் இல்லை" என்று பொருள். சுமார் 1,500 ஸ்பிரே டப்பாக்கள் செலவாயின. சாம்பல் நிறத்தில் நின்ற கோபுரம் அடி முதல் முடி வரை மாறியது. ஒஸ் ஜெமியோசின் மஞ்சள் தோல் மனிதர்கள், நீனாவின் பெரிய கண்கள் கொண்ட உருவங்கள், பிரேசிலின் பூர்வகுடிகளை நினைவூட்டும் நூங்காவின் செம்பழுப்பு முகங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு சுவர் முழுக்கப் படர்ந்தன.

பார்க்கக் கூட்டம் வந்தது. உலகின் சிறந்த தெரு ஓவியங்களுள் ஒன்று என்று பெயர் வந்தது. 2011இல் பிரபு, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் அரசு அமைப்புக்கு எழுதி, படத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அழியப்போகிற படம் என்று உள்ளே வந்தது, பண்ணையின் சொத்தாகவே மாறிப்போனது.

இதில் பிரபுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் மூதாதையர் வீட்டை இப்படி மாற்ற விடுவதற்குத் துணிவு வேண்டும். ஓவியர்களையும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் நேர்த்தியான வேலைக்காரர்கள். நான் கேட்க விரும்புவது வேறு. அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் பூச்சு, பூச்சுக்குக் கீழே இருக்கும் கல், கல்லுக்குக் கீழே இருக்கும் நிலம், இவற்றின் கதையில் எவ்வளவு அந்தச் சுவரில் வெளியே தெரிகிறது?

2. சுவருக்குப் பின்னால்

முதல் கிளாஸ்கோ பிரபு டேவிட் பாயில், ஸ்காட்லாந்தின் துணைக் கருவூல அதிகாரியாக இருந்தவர். 1707இல் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு இங்கிலாந்தோடு இணைந்தது. அந்த ஒப்பந்தத்தைப் பேசி முடித்த ஆணையர்களுள் அவரும் ஒருவர். இணைப்புக்கு ஆதரவு திரட்ட லண்டனிலிருந்து ரகசியமாக வந்த 20,000 பவுண்டு பணம் அவர் கை வழியாகத்தான் விநியோகமானது. படம் வரையப்பட்ட 2007, அந்த இணைப்பின் 300ஆவது ஆண்டு. அந்தக் கணக்கு அந்தச் சுவரில் இல்லை.

ஏழாம் பிரபு 1892 முதல் 1897 வரை நியூசிலாந்தின் ஆளுநர். பெண்களுக்கு வாக்குரிமை அளித்த சட்டத்துக்கு 1893 செப்டம்பர் 19 அன்று ஒப்பம் இட்டவர் அவர். ஒரு நாடு முழுவதற்குமான தேர்தலில் பெண்கள் வாக்களிக்க வழிசெய்த முன்னோடிச் சட்டம் அது. அதே பத்தாண்டுகளில்தான் நியூசிலாந்து அரசு மாவோரி மக்களின் நிலத்தைப் பெருமளவில் மலிவு விலைக்கு வாங்கிக் குவித்தது. அங்கே வெலிங்டன் நகரத்தில் கெல்பர்ன் என்று ஒரு பகுதிக்கே பெயர் இருக்கிறது. நிலம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல.

பத்தாம் பிரபு, படம் வரையப்படுவதற்கு இரண்டு ஆண்டு முன், 2005இல், பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் ஓர் இடைத்தேர்தல் வழியாக நுழைந்தார். பரம்பரைப் பட்டம் உள்ளவர்கள் மட்டுமே போட்டியிடக்கூடிய இடைத்தேர்தல் அது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்களை வெளியேற்றியபோதும் 92 இடங்களை அவர்களுக்கு விட்டுவைத்தது. பிறப்பால் வரும் பதவியைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சாதி என்ற சொல் இல்லாத நாட்டிலும் பிறப்பு ஓர் இருக்கையை ஒதுக்கி வைக்கும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி, கோட்டைக்கு வெளியே போவோம். கெல்பர்னிலிருந்து அதே கடற்கரையில் தெற்கே போனால் சால்ட்கோட்ஸ் என்ற ஊர் வரும். பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடல்நீரை இரும்புத் தொட்டிகளில் ஊற்றி, அடியில் நிலக்கரி எரித்து உப்புக் காய்ச்சிய ஊர் அது. நம் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் வெயில் செய்யும் வேலையை அங்கே நிலக்கரி செய்தது. அதனால் உப்புக் காய்ச்சுவோரும் நிலக்கரி வெட்டுவோரும் ஒரே விதிக்குள் அடைபட்டார்கள்.

அந்த விதி என்ன? 1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. பழைய எசமானின் சான்று இல்லாமல் ஒரு கரித்தொழிலாளியையோ உப்புத் தொழிலாளியையோ வேறு யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஓடிப்போனவரை ஓர் ஆண்டுக்குள் கண்டுபிடித்தால் எசமான் திரும்ப இழுத்துவரலாம். நடைமுறையில் இது ஆயுள் அடிமைத்தனமாயிற்று. சுரங்கம் கைமாறும்போது அதில் வேலை செய்யும் குடும்பங்களும் சேர்ந்தே கைமாறின. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் நாளில் எசமான் ஒரு சிறு பணத்தைக் கையில் வைப்பார். தகப்பன் அதை வாங்கிக்கொண்டால் குழந்தையும் அந்தச் சுரங்கத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டதாகப் பொருள். 1701இல், விசாரணையின்றிச் சிறைவைப்பதற்கு எதிராக அதே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியபோது, கரித்தொழிலாளிகளுக்கும் உப்புத் தொழிலாளிகளுக்கும் அது பொருந்தாது என்று எழுதிவைத்தது. 1775ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்க்கத் தொடங்கியது. முழுமையாக அவிழ 1799 ஆயிற்று.

பண்ணையாள், படியாள், முன்பணம் என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு இந்தக் கதை விளங்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

3. கரித்தொழிலாளிகளும் டேவிட் ஸ்பென்சும்

கட்டுண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மாணவர்கள் இதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள்.

கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து ஓர் அடிமை மனிதரை அவருடைய எசமான் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஃபைஃப் பகுதிக்குக் கொண்டுவந்திருந்தார். 1769இல் அந்த மனிதர் வீம்ஸ் என்ற ஊரின் தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்று, டேவிட் ஸ்பென்ஸ் என்று தனக்கொரு பெயர் சூடிக்கொண்டார். நான் இப்போது சுதந்திர மனிதன் என்று அறிவித்துவிட்டு எசமானை விட்டு வெளியேறினார். எசமான் அவரைப் பிடித்துச் சிறையில் அடைக்க ஏற்பாடு செய்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு நடத்த யார் பணம் கொடுத்தது தெரியுமா? அந்தப் பகுதியின் தேவாலயங்களும், உழவர்களும், கரித்தொழிலாளிகளும், உப்புத் தொழிலாளிகளும். தாங்களே சட்டப்படி விடுதலை பெறாதவர்கள், கடல் கடந்து வந்த ஒரு கறுப்பு மனிதனின் விடுதலைக்குக் காசு போட்டார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே 1770இல் எசமான் இறந்துபோனதால் வழக்கு முடிவின்றி நின்றது. ஸ்பென்ஸ் திரும்ப அடிமையாகவில்லை. 1778இல் ஜோசப் நைட் என்ற இன்னொருவரின் வழக்கில், ஸ்காட்லாந்தின் சட்டம் அடிமை முறையை ஏற்காது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கறுப்பு அடிமைக்கு விடுதலை சொன்ன அந்தத் தீர்ப்பு வந்த பிறகும் கரித்தொழிலாளிகள் இன்னும் 21 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ஸ்காட்லாந்தின் ஏதாவது ஒரு மாளிகைச் சுவரில் ஒரு படம் வரைய என்னை அழைத்தால், அந்தக் காசு போட்ட கைகளைத்தான் வரையச் சொல்வேன்.

4. வண்ணம் எங்கிருந்து வந்தது

அந்தக் கலை பிறந்த இடங்களுக்குப் போவோம். 1960களின் இறுதியிலும் 70களிலும் ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களின் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் தங்கள் பெயர்களைச் சுவர்களிலும் சுரங்க ரயில்களிலும் எழுதத் தொடங்கினார்கள். நகரம் தங்களைப் பார்க்க மறுத்தபோது தங்கள் பெயரை நகரத்தின் கண்ணெதிரே ஓட விட்டார்கள். பெயர்தான் முதலில் வந்தது, படம் பிறகு.

அதற்கு என்ன விலை என்பதற்கு மைக்கேல் ஸ்டூவர்ட் சாட்சி. 25 வயதுக் கறுப்பின இளைஞர். 1983 செப்டம்பர் 15 அன்று அதிகாலையில் நியூயார்க்கின் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில், சுவரில் எழுதினார் என்று சொல்லி அவரைக் கைது செய்தார்கள். நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 13 நாள் கழித்து இறந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட காவலர்களை, அனைவரும் வெள்ளையரான நடுவர் குழு 1985இல் விடுவித்தது. ஓவியர் பாஸ்கியா அந்தச் சாவைத் தன் நண்பர் கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடச் சுவரில் வரைந்தார். பிறகு சுவரின் அந்தத் துண்டு வெட்டி எடுக்கப்பட்டுச் சட்டமிடப்பட்டது. எழுதியதற்காக ஒருவர் செத்தார். அந்தச் சாவை வரைந்த சுவர் கலைப்பொருளாயிற்று.

பிரேசிலில் கதை இன்னும் ஆழமானது. அட்லாண்டிக் கடந்து ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888 மே 13 அன்றுதான் அந்த நாடு அடிமை முறையை ஒழித்தது. அதற்கு முன்பே, 1850இல், அரசு நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் உரிமை என்று ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். 1888இல் விடுதலை வந்தபோது கையில் காசும் இல்லை, காலடியில் நிலமும் இல்லை. அவர்களுடைய வாரிசுகள் பலர் நகரங்களின் விளிம்பில் ஒதுங்கினார்கள்.

அந்த விளிம்புகளிலிருந்துதான் சாவோ பாவ்லோவில் "பிஷாசாவ்" என்ற எழுத்து வந்தது. உயரமான, கூர்மையான, கறுப்பு எழுத்துகள். வெளியாருக்கு வாசிக்க முடியாதவை. பல மாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தில் கயிறோ ஏணியோ இல்லாமல் ஏறி எழுதுவார்கள். விழுந்து செத்தவர்கள் உண்டு. அழகாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. நீ என்னைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதுதான் அவர்களுடைய செய்தி.

பிரேசிலின் சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது? 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சுவரில் எழுதுவதைச் சுற்றுச்சூழல் குற்றங்களோடு சேர்த்து மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை வைத்தது. 2011இல் ஒரு திருத்தம் வந்தது. கலை நோக்கத்தோடு, சுவரின் உரிமையாளர் சம்மதத்தோடு செய்தால் அது கிராஃபிட்டி, குற்றமல்ல. சம்மதம் இல்லாவிட்டால் அது பிஷாசாவ், குற்றம். அதே திருத்தம், ஸ்பிரே டப்பாவை 18 வயதுக்குக் கீழுள்ளவருக்கு விற்கக் கூடாது என்றும் சொன்னது. தோழர்களே, இந்தச் சட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். கை ஒன்று, டப்பா ஒன்று, சுவர் ஒன்று. கலையையும் குற்றத்தையும் பிரித்துக் காட்டுவது சொத்து வைத்திருப்பவரின் தலையசைப்பு.

5. ஒரே கை, மூன்று சுவர்கள்

கெல்பர்னில் வரைந்த அதே ஓவியர்களின் கதையைக் கொஞ்சம் தொடர்ந்து பார்த்தால் இது இன்னும் விளங்கும்.

2008 மே மாதம் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் தெரு ஓவியத்துக்கென்று ஒரு காட்சியைத் திறந்தது. தேம்ஸ் ஆற்றைப் பார்த்த அதன் வெளிச்சுவரில் ஒஸ் ஜெமியோசும் நூங்காவும் வரைந்தார்கள்.

அதே 2008இல், அவர்களுடைய சொந்த ஊரான சாவோ பாவ்லோவில், 23 டி மாயோ என்ற பெருஞ்சாலையில் அவர்கள் சேர்ந்து வரைந்திருந்த பெரிய சுவரோவியத்தின்மேல் மாநகராட்சி ஒப்பந்தக்காரர்கள் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டார்கள். கண்டனம் எழுந்ததும், தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் வரைய அனுமதித்தார்கள். ஆனாலும் 2017இல் புதிய மேயர் வந்ததும் அதே சாலையின் பல ஓவியங்கள்மேல் மறுபடி சாம்பல் ஏறியது.

அதே 2008 அக்டோபரில், சாவோ பாவ்லோவின் புகழ்பெற்ற ஈராண்டுக் கலைக்காட்சியில் ஒரு தளத்தை முழுக்கக் காலியாக விட்டிருந்தார்கள். வெறுமையே கலை என்பது ஏற்பாட்டாளர்களின் எண்ணம். பிஷாசாவ் எழுதும் இளைஞர்கள் சுமார் 40 பேர் உள்ளே புகுந்து அந்த வெள்ளைச் சுவர்களில் எழுதினார்கள். பிடிபட்ட ஓர் இளம்பெண் 50 நாளுக்கும் மேல் சிறையில் இருந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2010இல், அதே கலைக்காட்சி பிஷாசாவை முறைப்படி அழைத்து உள்ளே வைத்தது.

அனுமதி என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் அடிக்கிறது, பிறகு அழைக்கிறது. அழைக்கும்போது, அடித்த கதையை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. கெல்பர்ன் சுவரில் மஞ்சள் மனிதர்கள் இருக்கிறார்கள், நூங்காவின் பூர்வகுடி முகங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுவர் அந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்வி படத்தில் இல்லை. அதைக் கேட்கும்படி யாரும் அவர்களை அழைக்கவில்லை.

6. நாகப்பட்டினத்தின் வாசல்

இன்னொரு ஸ்காட்லாந்துப் பண்ணைக்கும் உங்களை அழைத்துப் போக வேண்டும். அது நம் கடற்கரையோடு நேராகத் தொடர்புள்ளது.

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் ஒரு கல் வாசல் நிற்கிறது. தூண்களும் வளைவுகளும் மட்டும், பின்னால் கட்டடம் ஏதும் இல்லை. கட்டியவர் நோவார் பண்ணையின் உடைமையாளர் சர் ஹெக்டர் மன்றோ. கும்பினிப் படையின் தளபதியாக 1764இல் பக்சாரில் வென்றவர், 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். அந்த நாகப்பட்டினத்தின் கோட்டை வாசலை நினைவூட்டும் வடிவில்தான் 1782 வாக்கில் தன் குன்றின்மேல் இதைக் கட்டச் செய்தார். அங்கே பசியில் இருந்த குடியானவர்களுக்கு வேலை கொடுக்கக் கட்டினார் என்பதும் அவருடைய புகழாகச் சொல்லப்படுகிறது. கல்லை மலையுச்சிக்குச் சுமந்தவர்கள் அந்தக் குடியானவர்கள்.

அதை யோசித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து அங்கே போனது ஒரு வாசலின் உருவம். வாசலுக்குள் வாழ்ந்தவர்கள் போகவில்லை. அக்காலக் கும்பினியின் மெட்ராஸ் படையில் பறையர் சிப்பாய்கள் ஏராளம் பேர் இருந்தார்கள். அவர்களும் அந்த நினைவுச் சின்னத்தில் இல்லை. கல் சுமந்த ஸ்காட்லாந்து ஏழையும் இல்லை. வெற்றியின் வடிவம் நிற்கிறது, உழைத்தவர்களின் பெயர் நிற்கவில்லை. கெல்பர்னின் வண்ணமும் ஃபைரிஷின் கல்லும் இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே முறையில் செய்யப்பட்டவை. தொலைதூரத்து மக்களின் அடையாளம் ஒன்று பண்ணைக்கு அழகு சேர்க்கிறது. அந்த மக்களின் கணக்கு அங்கே கேட்கப்படுவதில்லை.

7. நிலம் பேசுமிடம்

ஸ்காட்லாந்து மக்கள் இதை உணராதவர்கள் அல்லர். நிலமானிய முறை அங்கே சட்டப்படி முடிவுக்கு வந்தது எப்போது என்று கேட்டால் வியப்பீர்கள். 2000இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2004 நவம்பர் 28 அன்று. கெல்பர்ன் படத்துக்கு மூன்று ஆண்டு முன்புதான். 2003ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் இரண்டு உரிமைகளைத் தந்தது: யாருடைய நிலமானாலும் பொறுப்போடு நடந்து கடக்கும் உரிமை, விற்பனைக்கு வரும் நிலத்தை அங்கே வாழும் மக்கள் கூட்டாக முதலில் வாங்கும் உரிமை. அதற்கு முன்பே, 1997இல், எய்க் என்ற சிறு தீவின் மக்கள், பல எசமான்கள் மாறி மாறி வாங்கி விற்ற தங்கள் தீவைத் தாங்களே வாங்கினார்கள். ஆனாலும் 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட்ட ஆய்வறிக்கை, தனியாரிடம் உள்ள ஸ்காட்லாந்து நிலத்தில் பாதி 432 பேர் கையில் இருப்பதாகக் கணக்கிட்டது.

எய்க் தீவின் வாசலில் பெரிய ஓவியம் எதுவும் உலகப் புகழ் பெறவில்லை. ஆனால் அங்கே ஒரு குழந்தை சுவரில் ஏதாவது கிறுக்கினால், "யாரைக் கேட்டு?" என்று கேட்க வேண்டியவர்கள் அந்தத் தீவின் மக்கள்தான். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

8. நமக்கு

இந்த அனுமதியை நம் முன்னோடி ஒருவர் எப்படி எதிர்கொண்டார் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை எழுதி அனுப்பினார். படித்தவர்கள் பயந்தார்கள். சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். மறுத்தார். மாநாடே நின்றுபோனது. பேசப்படாத அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். அதுதான் சாதி ஒழிப்பு. அழைத்தவர்கள் கொடுத்த மேடை போயிற்று. அவர் தனக்கென்று ஒரு சுவர் கட்டிக்கொண்டார், அதில் எழுதினார். தொண்ணூறு ஆண்டாகியும் அதன்மேல் யாராலும் சாம்பல் அடிக்க முடியவில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தச் சிறு அச்சுப்பிரதியும் அந்த மரபில் வந்ததுதான்.

டேட் மாடர்னின் சுவரில் பிரேசில் ஓவியர்கள் வரைந்த அதே 2008 மே மாதத்தில், 6ஆம் தேதி, மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஒரு சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 1989இலிருந்து தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவர். அதன்மேல் யாராவது அழகிய ஓவியம் வரைந்திருந்தால் நாம் மகிழ்ந்திருப்போமா? அந்த மக்கள் வண்ணம் கேட்கவில்லை, வழி கேட்டார்கள். இயக்கங்கள் போராடின. சுவரில் ஒரு வாசல் திறந்தது.

நம் பிள்ளைகளுக்கும் இப்போது அழைப்புகள் வருகின்றன. கலைக்கூடங்கள், இலக்கிய விழாக்கள், பல்கலைக்கழகங்கள் அழைக்கின்றன. போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒஸ் ஜெமியோஸ் போனதில் தவறில்லை. நம் தோழரும் அழைத்த மேடைகளில் எல்லாம் கவிதை வாசித்தவர்தான். ஆனால் வண்ணம் தொடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இது யாருடைய சுவர்? இங்கே எழுத அனுமதி தருபவர் எதை எழுதக் கூடாது என்று எதிர்பார்க்கிறார்? இந்தச் சுவரைக் கட்டியவர்களின் பெயர் இதில் எங்கே? மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்கவில்லையென்றால், அந்தப் பெயர்களைத் தேடி எழுதுவதுதான் உங்கள் முதல் வேலை. வரலாற்று மாணவர்களே, அது பெரும்பாலும் ஆவணக் காப்பகத்தின் கணக்குப் புத்தகங்களில், கூலிப் பட்டியல்களில், வழக்குக் கட்டுகளில்தான் கிடைக்கும். கரித்தொழிலாளிகள் டேவிட் ஸ்பென்சுக்குக் காசு போட்ட செய்தி நம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதை எழுதி வைத்ததால்தான் அது வந்து சேர்ந்தது.

நம் தோழர் எழுதிய சுவர்களில் ஒன்றுகூட இன்று இல்லை. சில மழையில் கரைந்தன, சிலவற்றில் அடுத்த தேர்தலின் சின்னம் ஏறியது. ஆனால் அவர் நீலத்தில் எழுதிய இரவுகளில் வாளி பிடித்து நின்ற சிறுவர்கள் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது, சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் யார் எழுதலாம் என்று முடிவு செய்வது இனி அவர்கள் கையில்.

 ஜெய்பீம்.